வேலூரிலிருந்து ஸ்பெஷல் பி.எட். படிக்க: எங்கே தொடங்குவது?

ஸ்பெஷல் பி.எட். என்பது மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர் படிப்பு. சேர நினைத்தால் முதலில் அந்தக் குழந்தைகளைப் பாருங்கள். விண்ணப்பம் அப்புறம். இந்தப் படிப்பில் பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, அறிவுசார் குறைபாடு என்று ஏதாவது ஒரு பிரிவைத் தேர்ந்தெடுத்துத்தான் சேர முடியும். நேரில் பார்க்காமல் அதை எப்படி முடிவு செய்வீர்கள்? உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்துக்குப் போய், அங்குள்ள சிறப்புப் பயிற்றுநரிடம் அனுமதி கேட்டு, வகுப்பில் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

பார்வைக் குறைபாடு என்றால், தடவிப் படிக்கும் பிரெய்ல் எழுத்தைத் தட்டச்சு செய்யும் பெர்கின்ஸ் பிரெய்லரைத் தொட்டுப் பாருங்கள். நம் காட்பாடி வொர்த் டிரஸ்ட்டிலேயே அதைத் தயாரிக்கிறார்கள். எழுத்துக்கு ஆறே ஆறு விசைகள். நடுவில் இடைவெளி விசை. இடது சுட்டுவிரலையும் மோதிர விரலையும் ஒன்றாக அழுத்தினால் 1, 3 புள்ளிகள் எழும்பும். அதுதான் 'க'. தாளில் அதைத் தடவிப் பார்க்கும்போதே இந்த வேலை உங்களுக்கு ஒட்டுமா என்று ஓரளவு தெரிந்துவிடும்.

அடுத்து, எந்தப் படிப்பு? பிளஸ் டூ முடித்தவர்களுக்கு இரண்டாண்டு டிப்ளமா உண்டு. பட்டதாரிகளுக்கு பி.எட். சிறப்புக் கல்வி, கல்லூரிக்குப் போய்ப் படித்தால் அதுவும் இரண்டாண்டு. நம் பக்கத்துக் கலைக் கல்லூரிகள் சேர்க்காடு திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தாலும், பி.எட். கல்லூரிகளுக்குத் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம்தான். தொலைநிலையில் படிக்க நினைப்பவர்கள் சைதாப்பேட்டையில் உள்ள தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அறிவிப்பைக் கவனியுங்கள்.

பணம் கட்டும் முன் இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ., இணையதளத்தைத் திறங்கள். அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் அங்கே இருக்கிறது. கல்லூரிப் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் பிரிவுக்கு, நீங்கள் சேரும் ஆண்டுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். "வந்துவிடும், விண்ணப்பித்திருக்கிறோம்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பிச் சேராதீர்கள். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆர்.சி.ஐ. பதிவு இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்யக் கூடாது. அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு அந்தப் பதிவு கிடைக்காது. வீட்டில் நகையை அடகு வைத்துக் கட்டும் பணம், ஜாக்கிரதை.

சேர்ந்த பிறகு செய்முறைப் பயிற்சியை ஒப்புக்குச் செய்யாதீர்கள். தனிநபர் கல்வித் திட்டம், அதாவது ஒரு குழந்தைக்கென்றே தனியாக வகுக்கும் கற்றல் திட்டம், எழுதச் சொல்வார்கள். "சட்டை போடக் கற்பான்" என்று எழுதினால் அது திட்டமே இல்லை. பட்டனைப் பிடிப்பது, துளைக்குள் பாதி நுழைப்பது, மறுபக்கம் இழுப்பது என்று உடைத்து எழுதுங்கள். இதில் குழந்தை எதைத் தானே செய்கிறது, எதற்குக் கை கொடுக்க வேண்டியிருக்கிறது என்று தேதியோடு குறியுங்கள். அம்மாவிடமும் கேளுங்கள், பள்ளியில் காட்டாததை வீட்டில் செய்கிற பிள்ளைகள் நிறைய.

தேர்வு முடிவு வந்ததும் ஆர்.சி.ஐ. பதிவு எண்ணுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அதை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்குப் பயிலரங்குகளில் கலந்துகொண்டு புள்ளிகள் சேர்க்க வேண்டியிருக்கும். அந்தச் சான்றிதழ்களை முதல் ஆண்டிலிருந்தே ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.