வாய்க்குள் கொப்புளம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு இளம் டொக்டர் சின்னப் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். "சேர், ரெண்டு துண்டும் எடுத்திட்டன்." நோயாளியின் வாயில் சோதனைக்காக வெட்டிய இரண்டு சதைத் துண்டும் (பயொப்சி), இழையத்தைப் பதப்படுத்தும் ஒரே போமலினுக்குள் கிடந்தன. ஏச வாய் வரவில்லை. என் முதல் வருடங்களில் நானும் செய்த பிழைதான். எரிச்சல் மட்டும் இன்னும் போகவில்லை.

வாயில் கொப்புளமும் புண்ணும் வரவைக்கும் பெம்பிகஸ், மியூக்கஸ் மெம்பிரேன் பெம்பிகோயிட் இரண்டும் அரிதான நோய்கள். வாய்ப்புண் என்று பங்கஸ் மருந்தும் விற்றமினும் கொடுத்து மாதக்கணக்கில் இழுப்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதை விடுவோம்.

இரண்டு துண்டையும் போமலினில் போடுவது

மூதூரிலிருந்து ஒரு உம்மா வந்தார். பல்முரசு உரிந்து இரத்தம் கசிந்தது. சம்பலை விட்டு நாளாகிறது, தேத்தண்ணியைக்கூட ஆறவைத்துத்தான் குடிப்பாராம். நான் புண்ணின் நடுவில் வெட்டி, போமலினில் போட்டு அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து வந்த அறிக்கையில் வெறும் புண் என்றுதான் இருந்தது. நடுவில் மேலணியே (வாயின் மேற்தோல்) இல்லை, பாவம் அவர்கள் எதைப் பார்ப்பது?

இந்த நோய்களில் உடலின் பிறபொருளெதிரிகள் உடலையே தாக்குகின்றன. பெம்பிகஸில் கலத்தோடு கலத்தை ஒட்டவைக்கும் டெஸ்மொகிளீன் புரதம் அடிபடும். பெம்பிகோயிடில் மேலணியைக் கீழே பிடித்துவைத்திருக்கும் அடித்தள மென்சவ்வு. இழையத்தில் ஒட்டிய பிறபொருளெதிரிகளை ஒளிரவைத்துக் காட்டும் நேரடி இம்யூனோபுளோரசன்ஸ் சோதனையில் முன்னது மீன்வலை போலவும் பின்னது ஒரே கோடாகவும் ஒளிரும். போமலினில் ஊறிய துண்டில் வலையும் தெரியாது, கோடும் தெரியாது.

ஆகவே ஒரு துண்டு புண்ணின் ஓரத்தில், நல்ல இழையமும் சேர்த்து: அது போமலினுக்கு. இன்னொன்று புண்ணைச் சற்றுத் தள்ளி, பார்வைக்கு நன்றாக இருக்கும் இடத்தில்: அது இந்த ஒளிர்வுச் சோதனைக்காகத் துண்டைக் கெடாமல் வைக்கும் மிஷெல் திரவத்துக்கு. வீங்கிய முரசு விளிம்பில் கை வைக்காதீர்கள், மேலணி கையோடு உரிந்துவரும். மிஷெல் திரவம் சில நாள் தாங்கும். அது இல்லையென்றால் சாதாரண சேலைன் போதும், ஆனால் ஒரு நாளுக்குள் ஆய்வுகூடம் போய்ச் சேர வேண்டும். திருகோணமலையிலிருந்து கொழும்பு சுமார் 260 கிலோமீற்றர். வெள்ளிக்கிழமை பின்னேரம் வெட்டி, திங்கள் போயாவாகவும் இருந்தால் எடுத்தது வீண். முதலில் ஆய்வுகூடத்துக்குப் போன் பண்ணுங்கள், அப்புறம் கத்தியை எடுங்கள்.

அந்த உம்மா கிண்ணியாப் பாலம் தாண்டி மறுபடி பஸ்ஸேறி வந்தார். இரண்டாம் தடவை கோடு தெளிவாகத் தெரிந்தது. ஆனால் இடையில் போன மாதங்களில் இடது கண்ணின் கீழிமை உள்ளே ஒட்டத் தொடங்கிவிட்டது. அந்தத் தழும்பை எந்த மருந்தாலும் திருப்ப முடியாது. அவர் என்னைக் குறை சொல்லவில்லை, அதுதான் இன்னும் குத்துகிறது.

கண்ணைப் பார்க்காமல் விடுவது

பெம்பிகோயிட் வாயோடு நிற்காது, கண்ணையும் தொண்டையையும் பிடிக்கும். கீழிமையை இழுத்துப் பாருங்கள். குரல் கம்மியிருக்கிறதா, விழுங்கக் கஷ்டமா என்றும் கேளுங்கள்.

சோதிக்காமல் டப்சோன் எழுதுவது

இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டது என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. மலேரியா உலாவிய ஊர்களில் காணப்படும் ஜீ6பீடி (செங்குழியங்களைக் காக்கும் நொதியம்) குறைபாடு பரம்பரையாக வருவது, அந்தச் சான்றோடு போய்விடாது. பெம்பிகோயிடுக்கு எழுதும் டப்சோன் குளிசையைக் கொடுத்தால் இந்தக் குறைபாடு உள்ளவர்களின் செங்குழியங்கள் உடையும்.

காசநோய், ஹெபடைற்றிஸ் பி பார்க்காமல் எதிர்ப்புச்சக்தியை அடக்கும் மருந்தைத் தொடங்குவது

வேண்டாம். அந்த வகையைச் சேர்ந்த ரிட்டுக்சிமாப் ஊசி என்றால் வேண்டவே வேண்டாம். வயலில் வெறுங்காலோடு நிற்பவர் என்றால் மண்ணிலிருந்து தோல் வழியே புகும் ஸ்ட்ரொங்கிலோயிடெஸ் புழுவையும் நினையுங்கள். ஸ்டீரொயிட் அதை உடம்பெங்கும் பரப்பிவிடும்.

குளிசை தானாக நின்றுபோவது

வாய் ஆறியதும் நோயாளிகள் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசையை நிறுத்திவிடுவார்கள். பல வாரம் எடுத்தவர் திடீரென விட்டால் மயங்கி விழலாம். நோயும் திரும்பும். நோன்பு மாதத்தில் இது கூடுதலாக நடக்கும். காலையில் ஒரே வேளைக்கு எழுதியிருந்தால் சஹரில் எடுக்கலாமா என்று நோன்புக்கு முந்திய கிளினிக்கிலேயே பேசிவிடுங்கள். எனக்கு இதையும் சொல்லித் தந்தது அந்த மூதூர் உம்மாதான்.