லங்காஸ்டர் குழுவினரின் லாக்புக்கைப் படிப்பது எப்படி?

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் லங்காஸ்டர் போன்ற விமானங்களில் பறந்தவர்களுக்கு இரண்டு வகை லாக்புக் (ஒவ்வொரு பறப்பையும் எழுதிவைக்கும் ஏடு) இருந்தது. விமானிக்குப் படிவம் 414. வழி கணிக்கும் நேவிகேட்டர், துப்பாக்கி இயக்கும் கன்னர் போன்றோருக்குப் படிவம் 1767. இதில் விமானியின் பெயருக்குத் தனிப் பத்தி உண்டு. கையில் இருப்பது எது என்று முதலில் பாருங்கள்.

அடுத்து மையின் நிறம். இரவுத் தாக்குதலைச் சிவப்பிலும் பகல் தாக்குதலைப் பச்சையிலும் எழுதுவது வழக்கம். 1944 நடுப்பகுதியிலிருந்து பச்சை வரிகள் கூடுவதைக் காணலாம். கறுப்பு வெள்ளை நகலில் இதெல்லாம் மறைந்துவிடும். வண்ணப் படமாகவே கேட்டு வாங்குங்கள்.

'டி.சி.ஓ.' என்றால் பணி முடிந்தது, 'டி.என்.சி.ஓ.' என்றால் முடியவில்லை. 'கார்டனிங்' தோட்ட வேலையல்ல, கடலில் கண்ணிவெடி போடுவது. 'நிக்கல்' என்பது துண்டுப் பிரசுரம் வீசுவது. பறந்த நேரத்தையும் பாருங்கள்: இங்கிலாந்தின் லிங்கன்ஷயரிலிருந்து பெர்லின் போய்வரச் சுமார் ஏழு மணி நேரம் ஆகும். பெர்லின் என்று எழுதி இரண்டு மணி நேரம் போட்டிருந்தால் பாதி வழியில் திரும்பியிருக்கிறார்கள்.

பலரும் சறுக்குவது விமானத்தை அடையாளம் காண்பதில்தான். சிலர் விமானத்துக்கே உரிய வரிசை எண்ணை விட்டுவிட்டு, ஸ்குவாட்ரன் (விமானப் படைப் பிரிவு) அதற்குக் கொடுத்த 'எஸ்' போன்ற எழுத்தை மட்டும் குறித்திருப்பார்கள். அந்த எழுத்து விமானத்துக்கு நிரந்தரமல்ல. ஒன்று விழுந்தால், மாற்றாக வந்ததற்கு அதே எழுத்தைக் கொடுப்பார்கள். இன்று லண்டன் ஹெண்டன் அருங்காட்சியகத்தில் நிற்கும், ஆர்5868 என்ற வரிசை எண் கொண்ட லங்காஸ்டர், 83-வது ஸ்குவாட்ரனில் 'கியூ'. 467-வது ஸ்குவாட்ரனுக்கு மாறியபின் 'எஸ்'. எழுத்தை மட்டும் வைத்துத் தேடினால் வேறொரு விமானத்தின் கதைதான் கிடைக்கும்.

வரிசை எண்ணுக்கு ஸ்குவாட்ரனின் செயல்பாட்டுப் பதிவேட்டைப் பாருங்கள். லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 'ஏர் 27' வரிசையில் இருக்கிறது. படிவம் 540-ல் அன்றாடச் சுருக்கம்தான். உங்களுக்கு வேண்டியது 541. குழுவினர் பெயர், வரிசை எண், கிளம்பிய நேரம், இறங்கிய நேரம் எல்லாம் அதில் உண்டு.

லாக்புக்குக்கும் 541-க்கும் தேதி ஒரு நாள் தள்ளியிருந்தால் பதற வேண்டாம். மாலையில் கிளம்பி விடியலில் இறங்கியதை ஒருவர் கிளம்பிய தேதியிலும் மற்றவர் இறங்கிய தேதியிலும் எழுதியிருக்கலாம். 541-லும் தட்டச்சுப் பிழை வரும். எண் சந்தேகமாக இருந்தால் முந்தின, பிந்தின இரவுகளின் பட்டியலில் அதே விமானம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே குறித்துக்கொள்ளுங்கள்.