பழைய பிக்கப்பில் இன்ஜின் மிஸ்ஸிங்: எந்த சிலிண்டர், எப்போது, ஏன்

இன்ஜின் மிஸ் அடிக்க, அதாவது ஏதாவது ஒரு சிலிண்டரில் பெட்ரோல் பற்றாமல் விடுபட ஆரம்பித்ததும் புது பிளக், புது வயர், புது டிஸ்ட்ரிபியூட்டர் கேப் என்று வாங்கி மாட்டிவிடுவது பலருக்கு வழக்கம். சில நேரம் சரியாகிவிடும். ஆனால் வால்வு எரிந்துபோன சிலிண்டருக்கு எத்தனை பிளக் மாற்றினாலும் அது வேலை செய்யப் போவதில்லை. பாகம் வாங்கும் முன் எந்த சிலிண்டர் மிஸ் ஆகிறது, எப்போது மிஸ் ஆகிறது என்ற இரண்டும் தெரிந்தாக வேண்டும். இங்கே சொல்வது டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க்கை ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறையாகப் பிரித்து அனுப்பும் பாகம்) உள்ள பெட்ரோல் இன்ஜினுக்கு; கார்புரேட்டர் ஆனாலும் ஆரம்பகால இன்ஜெக்‌ஷன் ஆனாலும் பொருந்தும். டீசலுக்கு வழி வேறு.

எப்போது மிஸ் ஆகிறது

ஐடிலில் (ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் இன்ஜின் ஓடும்போது) சைலன்ஸர் வாய்ப் பக்கம் நின்று கேளுங்கள். சீரான இடைவெளியில் "புப்... புப்..." என்று விட்டுவிட்டு வந்தால் ஏதோ ஒரு குறிப்பிட்ட சிலிண்டர் செத்திருக்கிறது. தாறுமாறாக வந்தால் எல்லா சிலிண்டருக்கும் பொதுவான ஒன்றில் கோளாறு: ஸ்பார்க்குக்கு வோல்ட்டேஜ் ஏற்றும் காயில், அதன் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்ட், பெட்ரோல் சப்ளை, வேக்கம் லீக் (இன்டேக் பக்கம் வெளிக்காற்று ஓட்டை வழியே உள்ளே போவது). ஒரு தாளை வாய்க்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வெளியே தள்ளப்படும் தாள் அவ்வப்போது உள்பக்கம் இழுபட்டால் எக்ஸாஸ்ட் வால்வு எரிந்திருக்கலாம் என்று சந்தேகப்படலாம்.

ஐடிலில் மட்டும் மிஸ் ஆகி, ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் தெளிந்தால் வேக்கம் லீக், மூடாமல் மாட்டிக்கொண்ட இஜிஆர் வால்வு (எக்ஸாஸ்ட் வாயுவில் கொஞ்சத்தை இன்டேக்குக்குத் திருப்பிவிடுவது), கார்புரேட்டரின் ஐடில் ஜெட் அடைப்பு இவற்றில் ஒன்று. மேட்டில் ஏறும்போது மட்டும் என்றால் பெரும்பாலும் ஸ்பார்க். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது பிளக் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட்டேஜ் தேவை; வயரிலோ கேப்பிலோ பலவீனமான இடம் இருந்தால் மின்சாரம் அந்த வழியே வெளியேறிவிடும். வண்டி நன்றாகச் சூடான பிறகுதான் என்றால் காயில் அல்லது இக்னிஷன் மாட்யூல் (எலெக்ட்ரானிக் இக்னிஷனில் பாயிண்ட்டின் வேலையைச் செய்யும் பாகம்). மழையிலும் பனிக் காலையிலும் மட்டும் என்றால் கேப்பும் வயரும்தான்.

1996 முதல் அமெரிக்காவில் விற்ற பெட்ரோல் பிக்கப்புகளில் ஓபிடி-2 (கோளாறை எண்ணாகச் சொல்லும் கணினி அமைப்பு) இருக்கும். ஸ்கேனரில் பி0302 வந்தால் இரண்டாவது சிலிண்டர். பி0300 என்றால் பல சிலிண்டர்களில் மாறி மாறி. செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் ஓட்டுவதை நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும்.

எந்த சிலிண்டர்

இன்ஜினைச் சூடாக்கி ஐடிலில் விடுங்கள். ரப்பர் பிடி உள்ள இன்சுலேட்டட் பிளையரால் ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றி, அதன் நுனியை ஒரு ஜம்பர் வயர் வழியாக இன்ஜின் பிளாக்கில் எர்த் கொடுங்கள். அந்தரத்தில் தொங்கவிடக் கூடாது. எலெக்ட்ரானிக் இக்னிஷனில் வெளியேற வழியில்லாத வோல்ட்டேஜ் காயிலையோ மாட்யூலையோ துளைத்துவிடும். வெறும் கையால் தொடவே கூடாது. கழற்றியதும் ஆர்பிஎம் விழுந்தால் அந்த சிலிண்டர் நல்லது. எதைக் கழற்றும்போது மாற்றமே இல்லையோ அதுதான் செத்தது. கன்வர்ட்டர் உள்ள வண்டியில் ஒவ்வொன்றுக்கும் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம்.

வயரைக் கழற்றாமலே பார்க்க இன்னொரு வழி உண்டு. ஏனோ பலர் இதைச் செய்வதில்லை. ஸ்பார்க் போகும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட்டின் கிளாம்ப்பை ஒவ்வொரு பிளக் வயரிலும் மாட்டி ஒளியைக் கவனியுங்கள். ஒரு வயரில் மட்டும் வெளிச்சம் அவ்வப்போது விடுபட்டால் அந்த வயர், அல்லது கேப்பில் அதன் முனை. எல்லாவற்றிலும் விடுபட்டால் காயில், பாயிண்ட், மாட்யூல் பக்கம் போங்கள். வெளிச்சம் சீராக இருந்தும் அந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்றால் வயர் வரை மின்சாரம் போகிறது. பிளக், பெட்ரோல், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) இவைதான் மிச்சம்.

சிலிண்டர் தெரிந்ததும் அதன் பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றுங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே போனால் பிளக்தான். நீளம் இடம் கொடுத்தால் வயரையும் இப்படியே சோதிக்கலாம். அலுமினிய ஹெட்டில் இன்ஜின் ஆறிய பிறகே பிளக்கைக் கழற்றுங்கள். சூட்டில் திருகினால் மரை பிய்ந்து வரும்.

பிளக்கும் ஸ்பார்க்கும்

கழற்றிய பிளக்குகளை சிலிண்டர் வரிசையிலேயே அடுக்கி வையுங்கள். வெளிர் பழுப்பு நல்லது. உலர்ந்த கறுப்புப் புகைக்கரி என்றால் பெட்ரோல் அதிகம். பெட்ரோல் வாசனையோடு ஈரம் என்றால் ஸ்பார்க் வரவில்லை. பிசுபிசுப்பான கறுப்பு என்றால் ஆயில் ஏறுகிறது. வெள்ளையாகக் கொப்புளித்திருந்தால் காற்று அதிகம் அல்லது அதிகச் சூடு. மற்றவை அழுக்காக இருக்க ஒன்று மட்டும் கழுவிவிட்டது போலப் பளிச்சென்று இருந்தால் அந்த சிலிண்டருக்குள் கூலன்ட் போகிறது. ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். வெள்ளைப் பீங்கான் மேல் பென்சிலால் கீறியது போன்ற மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால் ஸ்பார்க் உள்ளே போகாமல் அந்தக் கோட்டின் வழியே வெளியே ஓடுகிறது. அந்தப் பிளக்கோடு வயர் நுனியின் ரப்பர் உறையையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புதுப் பிளக்கிலும் அதே கோடு விழும்.

வயரை மல்டிமீட்டரால் அளக்கும்போது வளைத்து ஆட்டிக்கொண்டே அளவுங்கள். டொயோட்டா 22ஆர் இன்ஜினுக்கு ஒரு வயருக்கு உச்ச வரம்பு 25 கிலோ ஓம். மற்ற இன்ஜின்களில் மேனுவல் கையில் இல்லாவிட்டால் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். ஒரே அளவு நீளமுள்ளவற்றில் ஒன்று மட்டும் பல மடங்கு காட்டினால் அது போய்விட்டது. ஆனால் ஓம் சரியாக இருப்பதால் இன்சுலேஷன் நல்லது என்று ஆகாது. அதற்கு இருட்டில் இன்ஜினை ஓடவிட்டு, வயர்கள் மேலும் கேப் மேலும் தண்ணீரைப் பனிபோலத் தெளியுங்கள். லீக் ஆகும் இடத்தில் நீலப்பொறி தெரியும்.

கேப்பைக் கழற்றி உள்ளே பாருங்கள். முனைகளுக்கு நடுவே கறுப்புக் கோடு, மயிரிழை விரிசல், தேய்ந்த நடுக் கார்பன் பொத்தான் இவை இருந்தால் கேப்பையும் அதற்குள் சுற்றும் ரோட்டரையும் சேர்த்தே மாற்றுங்கள். வயர்கள் போகும் பாதையும் முக்கியம். செவ்ரலே வி8-இன் பற்றவைப்பு வரிசை 1-8-4-3-6-5-7-2. ஐந்தும் ஏழும் அடுத்தடுத்துப் பற்றுகின்றன. இடத்திலும் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள். அவற்றின் வயர்கள் நெடுக ஒட்டிப் போனால் ஐந்தின் ஸ்பார்க் ஏழிலும் எழும்பி, அதை அகாலத்தில் பற்றவைக்கும். ஹோல்டரில் பிரித்து மாட்டினால் போதும்.

பாயிண்ட் உள்ள வண்டியில் இடைவெளி பொதுவாக 0.4 முதல் 0.5 மி.மீ. டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பாயிண்ட் வேறு வேறு அளவு திறக்கும். எத்தனை முறை செட் செய்தாலும் மிஸ்ஸிங் திரும்ப வரும். புது பாயிண்ட் சீக்கிரமே குழி விழுந்தால் பாயிண்ட்டோடு இணைத்திருக்கும் கண்டன்சரை மாற்றுங்கள்.

ஜிஎம் நிறுவனத்தின் ஹெச்இஐ எனும் எலெக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டரில் ஒரு கண்ணாமூச்சி உண்டு. வேக்கம் அட்வான்ஸ் (ஸ்பார்க் நேரத்தை முன்தள்ளும் பாகம்) இழுக்கும் ஒவ்வொரு தடவையும் பிக்கப் காயிலின் (ஸ்பார்க் நேரத்தை மாட்யூலுக்குச் சொல்லும் சிறு காயில்) இரண்டு வயர்களும் மடங்கி நிமிர்கின்றன. காலப்போக்கில் தோல் அப்படியே இருக்க உள்ளே கம்பி அறுந்துபோகும். ஐடிலில் நன்றாக ஓடும், பாதி ஆக்சிலரேட்டரில் மிஸ் அடிக்கும். அந்த வயர்களுக்கு இடையே 500 முதல் 1500 ஓம் இருக்க வேண்டும். மீட்டரை மாட்டி வைத்துக்கொண்டே கை பம்ப்பால் வேக்கம் கொடுங்கள். எண் குதித்தால் பிக்கப் காயில் போய்விட்டது.

வேக்கமும் பெட்ரோலும்

வேக்கம் கேஜை இன்டேக் மேனிஃபோல்டில் மாட்டுங்கள். கடல் மட்டத்தில் நல்ல இன்ஜின் ஐடிலில் 17 முதல் 21 அங்குலம் பாதரசம் காட்டும். ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். முள் ஒரே சீராக அவ்வப்போது சில அங்குலம் விழுந்து எழுந்தால் ஒரு வால்வு மூடவில்லை. தாழ்வாக அசையாமல் நின்றால் டைமிங் பிந்தியிருக்கிறது, அல்லது எங்கோ காற்று இழுக்கிறது. பிரேக் பூஸ்டர் குழாய், பிசிவி குழாய் (கிராங்க்கேஸ் வாயுவை இன்டேக்குக்கு எடுத்துப்போவது) ஒவ்வொன்றாகப் பிளையரால் அழுத்தி மூடிப் பாருங்கள். ஐடில் சீரானால் லீக் அங்கேதான். கார்புரேட்டர் அடி கேஸ்கெட்டில் கிளீனர் ஸ்பிரே அடித்துப் பார்ப்பவர்கள் அதிகம், சூடான எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில் அது தீப்பிடிக்கும். தண்ணீரே போதும்.

மெக்கானிக்கல் பம்ப் உள்ள கார்புரேட்டர் வண்டிக்கு 4 முதல் 7 பிஎஸ்ஐ பெட்ரோல் அழுத்தம் வேண்டும். ஃபில்டரையும் டேங்க்கிலிருந்து வரும் பழைய ரப்பர் குழாயையும் முதலில் பாருங்கள்.

கம்ப்ரஷன்

ஸ்பார்க்கும் பெட்ரோலும் சரி என்றால் இனி உள்ளேதான். சூடான இன்ஜினில் எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள்; அலுமினிய ஹெட் என்றால் முன்பு சொன்னபடி ஆறவிட்டுத்தான். இக்னிஷனையும் பெட்ரோலையும் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். த்ராட்டில் மூடியிருந்தால் காற்றுப் போதாமல் நல்ல சிலிண்டரும் குறைவாகக் காட்டும். பெரும்பாலான பழைய இன்ஜின்களில் 120 முதல் 180 பிஎஸ்ஐ வரும். மிகக் குறைந்தது மிக அதிகமானதில் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. குறைந்த சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளவுங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங். ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒன்றாகக் குறைந்தால் அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் விட்டிருக்கிறது.

வால்வு என்று வந்தால் ஹெட்டைக் கழற்றும் முன் டேப்பட் இடைவெளியை (வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே உள்ளது) அளவுங்கள். வால்வு இருக்கையில் தேயத் தேய இடைவெளி சுருங்கும், சத்தமும் குறையும். டேப்பட் சத்தமே இல்லை என்று மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாமல் எரிந்துகொண்டிருக்கும். 22ஆருக்குச் சூட்டில் இன்டேக் 0.20, எக்ஸாஸ்ட் 0.30 மி.மீ.

கம்ப்ரஷனும் சரி, ஆனாலும் கார்புரேட்டர் வழியே "டப்" என்று திருப்பி அடிக்கிறதா? ராக்கர் கவரைக் கழற்றி ஸ்டார்ட்டரைச் சுற்றி ஒவ்வொரு ராக்கரும் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். ஒன்று மட்டும் சோம்பலாக அசைந்தால் அதைத் தள்ளும் கேம் தேய்ந்திருக்கிறது. அது எக்ஸாஸ்ட் வால்வின் ராக்கர் என்றால், வால்வு சரியாகத் திறக்காததால் எரிந்த வாயு இன்டேக் வழியாகத் திரும்புகிறது.

எந்தப் பழுதானாலும் சரிசெய்ததும் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். செத்த சிலிண்டரில் எரியாத பெட்ரோல் சுவரை நனைத்து ரிங் வழியே கீழே இறங்கியிருக்கும். பெட்ரோல் வாசனை வந்தாலோ மட்டம் ஏறியிருந்தாலோ வண்டியை எடுக்கும் முன் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். நீர்த்துப்போன ஆயிலில் ஓடினால் பேரிங் போய்விடும்.