தலைக்காயத்துக்குப் பின்: வீடு திரும்பியவர்கள் செய்யும் தவறுகள்

விபத்தில் தலையில் அடிபட்டுத் தேறிவருபவர்களுக்கு இயன்முறை சிகிச்சை அளிப்பது என் வேலை. முன்பு வந்தவர்கள் இடறிய அதே இடத்தில் புதிதாக வரும் குடும்பங்களும் இடறுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஹெல்மெட், சத்தான சாப்பாடு பற்றியெல்லாம் டிஸ்சார்ஜ் அன்றே சொல்லியிருப்பார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

வலிப்பு மாத்திரையைத் தாமாக நிறுத்துவது

எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது இதில்தான். வலிப்பே வராதவர்களுக்குப் பெரும்பாலும் முதல் வாரத்தோடு மருத்துவரே மாத்திரையை நிறுத்திவிடுவார். தொடரச் சொல்லியிருக்கிறார் என்றால் காரணம் இருக்கிறது. "6 மாதமாக வலிப்பு வரவில்லையே, இனி எதற்கு?" என்று கேட்கிறார்கள். வராமல் இருப்பதே மாத்திரையால் இருக்கலாம் என்று யோசிப்பதில்லை.

ஏணியிலிருந்து விழுந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் என்னிடம் வந்துகொண்டிருந்தார். கைப்பிடியைப் பிடிக்காமல் படியேறும் அளவுக்குத் தேறிவிட்டார். லெவெட்டிராசெட்டம் என்ற வலிப்பு மாத்திரை தூக்கக் கலக்கமும் எரிச்சலும் தருகிறது என்று, உறவினர் ஒருவர் பேச்சைக் கேட்டு ஒரே நாளில் நிறுத்திவிட்டார்கள். அந்த வாரமே ஊர்க் கோயில் கொடையில் இரவெல்லாம் கண்விழித்தார். தூக்கம் கெடுவதும் வலிப்பைத் தூண்டும். விடியற்காலையில் வந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்களே தவிர, ஒருக்களித்துப் படுக்கவைக்க யாருக்கும் தோன்றவில்லை. 5 நிமிடம் தாண்டியும் வலிப்பு நிற்காவிட்டால் அது உயிருக்கே ஆபத்து, உடனே 108-ஐ அழைக்க வேண்டும். அவர்கள் ஆட்டோ தேடிக்கொண்டிருந்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து திரும்பியவருக்கு மறுபடி வாக்கரிலிருந்து நடைப் பயிற்சி தொடங்கினோம்.

அவர் சொன்ன கலக்கமும் எரிச்சலும் பொய்யல்ல. அந்த மருந்தின் பக்கவிளைவுகள்தாம். மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது மருந்தை மாற்றுவார். நிறுத்துவதானாலும் படிப்படியாகத்தான் நிறுத்துவார்.

தெம்பான நாளில் எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுக்கொள்வது

காயம்பட்ட மூளை சின்ன வேலைக்கும் கூடுதலாக உழைக்கிறது. காலையில் தெம்பாக இருக்கிறதே என்று வங்கி, சந்தை, கல்யாண வீடு என்று அலைந்தால் மறுநாள் எழுந்திருக்கவே முடியாது. வீட்டார் அதைச் சோம்பல் என்று ஏசுவது கொடுமை. களைப்பதற்கு முன்பே ஓய்வெடுக்க வேண்டும். நலம் விசாரிக்க வருபவர்களை ஒரு நேரத்தில் இருவருக்கு மேல் உள்ளே விடாதீர்கள். பேசும்போது டிவியை அணைத்துவிடுங்கள்.

மது

ஒரு வாய்கூட வேண்டாம்.

பைக்

மருத்துவர் எழுதிக் கொடுக்கும்வரை சாவி வீட்டார் கையில் இருக்கட்டும்.