தர்ம வாடகை வீடுகளுக்கும் அக்ரிமென்ட் வேண்டும்: டெல்டா பக்கத்து டிரஸ்ட்காரர்களுக்கு

கும்பகோணத்தில் எங்களுடையது ஒரு சின்ன டிரஸ்ட். எதிரும் புதிருமாகப் பதினான்கு ஓட்டு வீடுகள், நடுவில் ஒரு கிணறு. ஏழைக் குடும்பங்களுக்குக் குறைந்த வாடகையில் விட வேண்டும் என்று இரண்டு தலைமுறைக்கு முன்னால் ஒருவர் எழுதி வைத்துவிட்டுப் போன சொத்து. நான் பொருளாளராகிக் கணக்கு நோட்டைக் கையில் வாங்கியபோது அதில் பெயரும் தொகையும் மட்டும்தான் இருந்தன. ஒரு வீட்டுக்குக்கூட அக்ரிமென்ட் கிடையாது, எல்லாமே வாய் வார்த்தை. அது நல்ல மனதோடு நடந்ததுதான், குறை சொல்லவில்லை. ஆனால் சட்டம் மாறிவிட்டது, அந்தப் பழக்கம் இப்போது யாரைக் காப்பாற்ற வேண்டுமோ அவர்களையே நடுத்தெருவில் நிறுத்தும். தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று நம் பக்கம் இப்படிக் குறைந்த வாடகைக்கு வீடு விடும் டிரஸ்ட்கள், சங்கங்கள், சபைகள் நிறைய இருக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

என்ன மாறியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 22.2.2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய சட்டத்தில் நியாய வாடகை எவ்வளவு என்று நிர்ணயிப்பதுதான் பெரிய விஷயம். புதியதில் இரண்டு பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை, அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். பழைய வாய்மொழி வாடகைகளை எழுத்தில் கொண்டுவரக் கொடுத்த அவகாசமும் எப்போதோ முடிந்துவிட்டது.

உடனே அக்ரிமென்ட் எழுத உட்கார்ந்துவிடாதீர்கள். இந்தச் சட்டம் உங்கள் வீடுகளுக்குப் பொருந்துமா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. இது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்று நகர்ப்புறங்களுக்கான சட்டம். வீடுகள் கிராமப் பஞ்சாயத்தில் இருந்து, அதில் பண்ணை வேலை செய்த குடும்பங்கள் தலைமுறையாகக் குடியிருந்தால் அது வேறு கதை, 1971-ஆம் ஆண்டில் குடியிருப்புகளை உடைமையாக்க வந்த சட்டம் குறுக்கே வரும். அந்த மனை உண்மையில் அவர்களுக்குப் போக வேண்டியதாகவே இருக்கலாம், அப்படியானால் வாடகை வாங்குவதை நிறுத்திவிட்டு அவர்களுக்குப் பட்டா கிடைக்க உதவுங்கள். அரசு, உள்ளாட்சி, வாரியம் ஆகியவற்றின் கட்டடங்களுக்கு 2017 சட்டம் பொருந்தாது. அதனால் முன்பு குடிசை மாற்று வாரியம் என்றிருந்து இப்போது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனதன் குடியிருப்புகளைப் பற்றி இங்கே பேசவில்லை.

டிரஸ்ட் என்றாலே விலக்கு உண்டு என்று நம் ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பெரும்பாலும் 1976-இல் பொது சமய, அறநிறுவனங்களின் கட்டடங்களுக்கு விலக்குக் கொடுத்த அரசாணையை வைத்துச் சொல்வது. அந்த அரசாணை பழைய சட்டத்தின் கீழ் போட்டது. புதிய சட்டத்தின் 3-ஆம் பிரிவில் விலக்குகள் தனியாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. அந்தப் பிரிவையும் உங்கள் டிரஸ்ட் பத்திரத்தையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு போய் வக்கீலிடம் காட்டி, பொருந்தும், பொருந்தாது என்று எழுத்தில் கருத்து வாங்கிவிடுங்கள். விலக்கு உண்டு என்றே வந்தாலும் அக்ரிமென்ட் போடுங்கள் என்பேன், காரணம் கீழே வருகிறது.

அப்புறம் அடிமனை. நம் கோயில் நகரங்களில் இதைப் பார்க்காமல் எதுவும் செய்ய முடியாது. எங்கள் பதினான்கில் ஆறு வீடுகளின் கட்டடம்தான் டிரஸ்டுடையது, மண் கோயிலுடையது. அந்த மண்ணுக்கு நாம் கட்டும் வாடகை இந்து சமய அறநிலையத் துறைச் சட்டத்தின் கீழ் வருகிறது. 34-ஏ பிரிவின்படி இணை ஆணையர், கோயில் நிர்வாகம், மாவட்டப் பதிவாளர் கொண்ட குழு, சந்தை வாடகையையும் வழிகாட்டி மதிப்பையும் பார்த்து நியாய வாடகை நிர்ணயிக்கும். அதாவது மண்ணுக்கு நீங்கள் கொடுப்பது ஏறிக்கொண்டே போகலாம், வீட்டுக்கு நீங்கள் வாங்குவது நிறுவனர் சொன்ன குறைந்த வாடகையாகவே நிற்கும். எங்களுக்கு வந்த நோட்டீஸ் இறந்துபோய் நாற்பது வருஷமான நிறுவனர் பெயருக்கு வந்திருந்தது, யாரோ வாங்கி அலமாரியில் போட்டுவிட்டார்கள். நிர்ணயம் அதிகம் என்று பட்டால் 30 நாளுக்குள் ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம், எங்களுக்கு அந்த நாட்கள் அலமாரியிலேயே போயின. அதனால் அடிமனைக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது, பாக்கி எவ்வளவு, வீட்டை இன்னொருவருக்கு விட உங்களுக்கு அனுமதி இருக்கிறதா, இந்த மூன்றையும் கோயில் அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். பாக்கி விழுந்து குத்தகை ரத்தானால் சட்டத்தின் கண்ணில் நீங்கள் ஆக்கிரமிப்பாளர், உங்களை நம்பிக் குடியிருக்கும் குடும்பங்களின் நிலைமை அதைவிட மோசம்.

இனி குடியிருப்பவர்களிடம் பேசுவது. இதை அவசரப்பட்டுச் செய்தால் எல்லாம் கெட்டுவிடும். முப்பது வருஷமாகக் காகிதமே கேட்காத டிரஸ்ட் திடீரென்று ஆதாரும் கையெழுத்தும் கேட்டால் காலி பண்ணச் சொல்லப்போகிறார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நாங்கள் முதல் தடவை நோட்டீஸ் ஒட்டி அந்தத் தப்பைச் செய்தோம், இரண்டு குடும்பம் அன்று ராத்திரி தூங்கவில்லை. அடுத்த தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிணற்றடியில் எல்லோரையும் உட்காரவைத்து, அக்ரிமென்டைத் தமிழிலேயே எழுதிப்போய் ஒவ்வொரு வரியாக வாசித்தோம். வாடகை ஏறாது, யாரையும் அனுப்பப்போவதில்லை என்பதை வாயால் சொன்னதோடு நிற்காமல் அதிலேயே எழுதினோம்.

விலக்கு இருந்தாலும் எழுதுங்கள் என்றதற்குக் காரணம் நான்காம் வீட்டு அம்மாள். கணவர் பெயரில்தான் நோட்டில் வரவு இருந்தது. அவர் போன பிறகு முகவரி மாற்ற ஒரு அலுவலகத்துக்கு அலைந்தார், இங்கேதான் இருபத்தாறு வருஷமாக இருக்கிறேன் என்பதற்குக் காட்ட அவர் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. நாங்கள் கொடுத்திருக்க வேண்டியது அது. அதனால் அக்ரிமென்டில் கணவன், மனைவி இரண்டு பேர் பெயரையும் போடுங்கள், கூட இருக்கும் வயதானவர்கள், பிள்ளைகள் பெயரையும் குடியிருப்பவர்களாகச் சேருங்கள். மாதாமாதம் கையெழுத்திட்ட ரசீது கொடுங்கள், ஜிபே-யில் பணம் வந்தாலும் கொடுங்கள்.

வீட்டுக்குள் தொழில் நடந்தால் அதையும் எழுதுங்கள். எங்களிடம் மூன்று வீடுகளில் பட்டுத்தறி இருக்கிறது, ஒரு வீட்டில் அப்பளம் போடுகிறார்கள். 'குடியிருக்க மட்டும்' என்ற அச்சடித்த வரியை அப்படியே விட்டால் நாளைக்கு வேறு நிர்வாகி வந்து அதையே பிடித்துக்கொண்டு வம்பு செய்யலாம். 'கூடத்தில் ஒரு தறி போட்டு நெய்துகொள்ளலாம்' என்று ஒரு வரி எழுத நமக்கு என்ன கஷ்டம்?

அட்வான்ஸ் விஷயத்தில், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. பத்து மாதம் வாங்கும் பழைய வழக்கம் டிரஸ்டுக்கு வேண்டவே வேண்டாம், நாங்கள் ஒரு மாதம்தான் வாங்குகிறோம். காலி செய்தால் ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போகத் திருப்பித் தர வேண்டும், அதனால் அந்தப் பணத்தை மராமத்துச் செலவில் கலக்காமல் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள்.

மராமத்துதான் நம்மைப் போன்றவர்களுக்கு நிஜமான பாரம். சட்டத்தின் அட்டவணையில் யார் எதைச் செய்ய வேண்டும் என்று பிரித்திருக்கிறது. கட்டட அமைப்பு சம்பந்தப்பட்ட பழுது, வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், தண்ணீர்க் குழாய் மாற்றுவது, மின் ஒயரிங் எல்லாம் உரிமையாளர் தலையில். குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கடை அடைப்பு மாதிரிச் சில்லறை வேலைகள் குடியிருப்பவருடையது. 'வாடகையே இவ்வளவுதானே, ஒழுகினால் ஒழுகட்டும்' என்ற பதில் இனி செல்லாது. செய்யாமல் விட்டால் அவர்களே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டம் வழி வைத்திருக்கிறது. நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் ஓட்டுக்காரர் கிடைக்க மாட்டார், 2018 கஜா புயலுக்குப் பிறகு ஓட்டுக்கும் ஆளுக்கும் எப்படி அலைந்தோம் என்பது நமக்கெல்லாம் தெரியும். ஆகவே ஆடி, ஆவணியிலேயே ஒவ்வொரு கூரையையும் ஏறிப் பார்த்து, உடைந்த ஓட்டையும் செல்லரித்த ரீப்பரையும் மாற்றிவிடுங்கள். குறைந்த வாடகையில் இதற்குக் கட்டுப்படி ஆகாதுதான். எங்கள் வாடகை வரவில் மூன்றில் ஒரு பங்கை முதலிலேயே கூரைக்கு என்று ஒதுக்குகிறோம், போதாததற்கு நன்கொடை கேட்கிறோம். பார்க்கப் போகும்போதும் சாவியை எடுத்துக்கொண்டு நுழையக் கூடாது, 24 மணி நேரம் முன்னால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

வாடகை பாக்கி வந்தால் மோட்டாரை நிறுத்துவது, கரண்டைப் பிடுங்குவது இதெல்லாம் முழுத் தப்பு, அத்தியாவசிய வசதியைத் துண்டிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. இரண்டு மாதப் பாக்கி வெளியேற்றக் கேட்பதற்கான காரணங்களில் ஒன்றுதான், ஆனால் முறையாக நோட்டீஸ் கொடுத்து, வாடகை நீதிமன்றம் வழியாகத்தான் போக முடியும். நாங்கள் இதுவரை போனதில்லை. தறிக்குப் பாவு கிடைக்காத மாதங்களில் தவணை எழுதி வாங்கிக்கொள்கிறோம், அந்தச் சீட்டும் பைலில் இருக்கும்.

கடைசியில் பதிவு. 11 மாதம் போட்டால் பதிவு வேண்டாம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது சார் பதிவாளர் அலுவலகத்துப் பதிவைப் பற்றியது. வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு வேறு, 11 மாத அக்ரிமென்டுக்கும் அது உண்டு. இவர் ஆட்சியர் நியமிக்கும், துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி. கையெழுத்தான 90 நாளுக்குள், இதற்கென இருக்கும் அரசு இணையதளத்தில் ஒப்பந்தத்தையும் இரு தரப்பு அடையாளச் சான்றுகளையும் ஏற்ற வேண்டும். பதியாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு பின்னால் வழக்கில் எதையும் நிரூபிக்க முடியாமல் போகும். குடியிருப்பவர்களை இதற்காக பிரவுசிங் சென்டருக்கு அலையவிடாதீர்கள், நாங்கள் ஒரு லேப்டாப்பைக் கிணற்றடிக்கே கொண்டுபோய் இரண்டு நாளில் பதினான்கையும் முடித்தோம். பதிவு எண் வந்ததும் ஒரு பிரதியை அவர்கள் கையில் கொடுங்கள். எல்லா அக்ரிமென்டும் ஒரே மாதத்தில் முடிகிற மாதிரி தேதி வைத்தால் புதுப்பிக்க மறக்காது, எங்களுடையது சித்திரை.