உங்க பாயிண்ட் கார்டு பயலோட பிக் அண்ட் ரோல எப்பிடி எடை போடணும்? ஒரு நோட்டும் போனும் போதும்

எங்க அக்கா மகனுக்கு இப்ப 14 வயசு, ஸ்கூல் பாஸ்கெட்பால் டீம்ல பாயிண்ட் கார்டு, அதாவது பந்த கொண்டு போயி ஆட்டத்த நடத்துறவன். ஒவ்வொரு மேட்ச் முடிஞ்சதும் அக்காகிட்ட இருந்து வாட்ஸப்ல வீடியோ வந்துரும், "லேய் பாத்தியா, 16 பாயிண்ட்"னு. நானும் சூப்பர்க்கான்னு ஒரு கட்டைவிரல போட்டு விட்டுருவேன், ஆனா அந்த வீடியோல ஒண்ணும் தெரியாது, பந்து கூடைக்குள்ள விழுற ரெண்டு செகண்ட மட்டும் வெட்டி அனுப்பியிருப்பா. பய எப்பிடி ஆடுதான்னு தெரியணும்னா அதுக்கு முந்தின நாலு செகண்ட பாக்கணும், அதுவும் பிக் அண்ட் ரோல் ஆடும்போ. அத எப்பிடி பாக்கணும்னு தான் இந்த போஸ்ட். பாஸ்கெட்பால் ஆடியே இராத அப்பா அம்மா, புதுசா கோச்சிங் பாக்குற தம்பி தங்கச்சிமாரு எல்லாருக்கும் புரியுற மாதிரி எழுதப் பாக்கேன்.

பிக் அண்ட் ரோல்னா என்னன்னு முதல்ல. பந்து நம்ம பயகிட்ட இருக்கு, அவன மறிச்சு ஒரு டிஃபெண்டர் நிக்கான். நம்ம டீம் நெட்டையன் ஒருத்தன் வந்து அந்த டிஃபெண்டர் பக்கத்துல சுவரு மாதிரி நிப்பான், அதான் ஸ்கிரீன். நம்ம பய அந்த சுவர ஒட்டி வெட்டிப் போனா டிஃபெண்டர் மாட்டிக்கிட்டு அரை செகண்ட் லேட் ஆவான். நெட்டையன் திரும்பி கூடைய பாத்து ஓடுவான், அதான் ரோல். அந்த அரை செகண்டுக்கு நம்ம ஆளு ரெண்டு, எதிராளி ஒண்ணு. அமெரிக்கா NBA லீக்ல யூட்டா ஜாஸ் டீமுக்கு ஜான் ஸ்டாக்டனும் கார்ல் மலோனும் 18 சீசன் சேந்து ஆடி இத வச்சே எல்லாரையும் படாத பாடு படுத்தினாங்க. ஸ்டாக்டன் உயரம் 6 அடி 1 இன்ச் தான், ஆனா அவரோட 15,806 அசிஸ்ட் (இன்னொருத்தன் கூடை போட குடுத்த பாஸ்) ரெக்கார்டு இன்னும் அப்பிடியே நிக்கு. அதனால பய குள்ளமா இருக்கானேன்னு இப்பவே கவலப்படாதுங்க.

படி 1: வீடியோ எடுக்குறது

கோர்ட் நீளம் 28 மீட்டர், அகலம் 15. பாதி கோர்ட் முழுசும் பிரேம்ல வரணும், அதுக்கு ஸ்கூல் மாடி வராண்டாவோ படிக்கட்டு திருப்பமோ இருந்தா அங்கன போனை படுக்கையா வச்சு விட்டுருங்க. ஜூம் பண்ணாதுங்க, பந்து பின்னால போனைத் திருப்பாதுங்க, நமக்கு வேண்டியது பந்து இல்லாத மத்த நாலு பேரு எங்கன நிக்கான்னு தான். இன்னொண்ணு, நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல ஜூன்லயும் மழ, அக்டோபர்லயும் மழ, ஆடுறது திறந்தவெளி சிமெண்ட் தரையில. ஈரத் தரையில எந்தப் பயலும் காலை சுருக்கி சுருக்கி தான் வைப்பான், அந்த வீடியோவ கணக்குல சேக்காதுங்க. ஆரல்வாய்மொழி பக்கம் காத்து சீசன்ல மேட்ச்னா தூரத்து ஷாட் எங்க போவும்னு போடுதவனுக்கே தெரியாது.

படி 2: 20 எண்ணிக்கை, 5 கட்டம்

ஒரு மேட்ச வச்சு முடிவு எடுக்காதுங்க. ஜூனியர் மேட்ச்ல நெறைய டீம் 2-3 ஜோன் போட்டு, அதாவது ஆளுக்கு ஆளு பிடிக்காம முன்னால ரெண்டு பின்னால மூணுன்னு இடத்த காத்து நின்னுரும், ஒழுங்கான பிக் அண்ட் ரோல் அஞ்சாறு கிடைச்சாலே பெருசு. மூணு நாலு மேட்ச்ல இருந்து மொத்தம் 20 சேருங்க. நோட்டுல அஞ்சு கட்டம்: எந்தப் பக்கம் போனான், எதிராளி என்ன செஞ்சான், நம்ம பய என்ன செஞ்சான், எடுத்த முடிவு சரியா தப்பா, கடைசில பந்து என்னாச்சு. இந்த அஞ்சாவது கட்டத்த எழுதிட்டு பேப்பர மடிச்சு வச்சுருங்க, மார்க் போடும்போ அது கண்ணுல படவே கூடாது.

ஏன் இவ்வளவு சொல்லுதேன்னா, இது நான் பட்ட பாடம். ஒரு தடவ டீம் செலக்‌ஷனுக்கு என்னையும் கூப்பிட்டு உக்கார வச்சாங்க, நான் அசிஸ்ட் கணக்க மட்டும் பாத்து ஒரு பயல வேண்டாம்னுட்டேன். பொறவு வீட்டுல வந்து வீடியோவ போட்டுப் பாத்தா, அவன் பாஸ் எல்லாம் ரோல் ஓடுறவன் கைக்குள்ளயே போயிருக்கு, அந்த நெட்டையன் ஒண்ணு கீழ போட்டான், கூடைக்குப் பக்கத்துல போட வேண்டிய லே அப் ரெண்ட விட்டான், எல்லாம் சேந்து இவன் தலையில விழுந்துட்டு. அன்னைக்கு ராத்திரி சரியா தூங்கல. பாஸ் சரியா இருந்து பந்து விழாட்டாலும் அது டிக், கண்ண மூடிட்டு எறிஞ்சது உள்ள விழுந்தாலும் அது தப்பு.

படி 3: ஸ்கிரீனுக்கு முன்னால

இது சின்ன விஷயம், சீக்கிரம் பாத்துட்டு போயிரலாம். நெட்டையன் வந்து காலை ஊணி நிக்க வரைக்கும் பய பொறுக்கானா? அவசரப்பட்டு கிளம்பினா ஸ்கிரீன் நகரும், ரெஃபரி விசில் அடிப்பாரு, ஃபவுல் நெட்டையன் பேர்ல விழும் ஆனா தப்பு இவனுது. ரெண்டாவது, ஸ்கிரீனுக்கு எதிர்ப்பக்கமா ஒரு அடி போற மாதிரி காட்டிட்டு திரும்புதானா. மூணாவது, வெட்டும்போ இவன் தோளு நெட்டையன் இடுப்புல உரசணும், நடுவுல ஒரு ஆளு நுழையுற இடம் விட்டா ஸ்கிரீன் போட்டதே வீண்.

படி 4: கண்ணு எங்க இருக்கு

இங்க தான் நேரம் செலவழிக்கணும். களியக்காவிளை பஸ் டிரைவர் மார்த்தாண்டம் நெரிசலுக்குள்ள கியர குனிஞ்சு பாத்துட்டா ஓட்டுதாரு? ஆனா நம்ம பயலுவ பந்த குனிஞ்சு பாத்துட்டு தான் டிரிபிள் பண்ணுவான், அதாவது தரையில தட்டிட்டுப் போவான். வீடியோவ பாதி ஸ்பீடுல வச்சு, ஸ்கிரீன தாண்டுன அடுத்த அடியில நிறுத்துங்க. தலை நிமிந்திருக்கா, எங்க பாக்கான்?

அவன் பாக்க வேண்டியது வரிசையா மூணு: முதல்ல நெட்டையனுக்கு டிஃபென்ஸ் பண்ணுற அந்த பெரிய ஆளு, அடுத்து ரோல் ஓடுற நம்மாளு, பொறவு கார்னர்ல நிக்க நம்மாளோட டிஃபெண்டர். மூணாவது ஆளு தான் முக்கியம்னு நான் சொல்லுவேன், ஏன்னா ரோல் போறவன தடுக்க அவன் தான் உள்ள வருவான், அவன் உள்ள ஒரு அடி வச்சா கார்னர் காலி.

போன மாசம் அக்கா மகன டீக்கடையில உக்கார வச்சு ஒரு பழம்பொரிய கையில குடுத்துட்டு இப்பிடி ஒரு பிரேம நிறுத்தி காட்டினேன். மூணு பேருக்கு நடுவுல இவன் எம்பி நிக்கான், கார்னர்ல ஒரு பய ரெண்டு கையையும் தூக்கி நிக்கான், அவன சுத்தி ஒரு ஈ காக்கா இல்ல. கொஞ்ச நேரம் பாத்துட்டு, "மாமா, இவன் எப்ப அங்கன வந்தான்?"னு கேக்கான். அவன் ஆரம்பத்துல இருந்தே அங்கன தான்டா நிக்கான். அடுத்து பழம்பொரிய அவன் கடிக்கவே இல்ல, போனை என் கையில இருந்து வாங்கி அவனே மறுபடி மறுபடி ஓட்டிப் பாத்தான்.

படி 5: எதிராளி செஞ்சதுக்கு ஏத்த பதில் குடுத்தானா

எதிராளி என்ன செஞ்சான்னு தெரியாம முடிவு சரியா தப்பான்னு சொல்ல முடியாது. புதுசா பாக்கவங்களுக்கு இந்த அஞ்சு போதும்.

அண்டர்: டிஃபெண்டர் ஸ்கிரீன்ல இடிக்காம கூடைப் பக்கமா சுத்தி வாறான். அப்ப நம்ம பயலுக்கு முன்னால யாருமில்ல, நின்னு ஷாட் போடணும். மூணு பாயிண்ட் கோடு 6.75 மீட்டர், சின்னப் பயலுக்கு அது எட்டாதுன்னா அதே ஸ்கிரீன திருப்பி ஒருக்கா கேட்டு வாங்கலாம், அதுக்கும் டிக் தான்.

டிராப்: நம்ம பயல மறிச்ச டிஃபெண்டர் பின்னால துரத்துதான், பெரிய ஆளு உள்ள பதுங்கி நிக்கான். நடுவுல ஒரு வெத்திடம் இருக்கும். கெட்டிக்காரப் பய அதுக்குள்ள போயி வேகத்த குறைச்சு, துரத்தி வாறவன முதுகுல சுமந்த மாதிரி வச்சுக்கிட்டு பெரியவன பாப்பான். பெரியவன் ஏறி வந்தா பாஸ், நின்னா ஃப்ளோட்டர், அதாவது அவன் கைக்கு மேல உயரத் தூக்கிப் போடுற ஷாட். முழு வேகத்துல போயி பெரியவன் நெஞ்சுல முட்டுற பயல இந்த வயசுல தினமும் பாக்கலாம்.

ஹெட்ஜ்: பெரிய ஆளு ஒரு செகண்ட் வெளிய பாஞ்சு மறிச்சுட்டு திரும்பி ஓடுவான். நம்ம பய ஒண்ணு ரெண்டு டிரிபிள் பின்னால எடுத்து அவன இன்னும் வெளிய இழுத்துட்டு ரோலுக்கு குடுக்கணும்.

ட்ரேப்: ரெண்டு பேரும் சேந்து அமுக்குவான். எம்பிட்டு ஆகாசத்துல நின்னு ஆளு தேடினா பந்து போச்சு. அமுக்கு விழுறதுக்கு முந்தியே, ஃப்ரீ த்ரோ கோடு பக்கம் நின்னுட்ட நெட்டையனுக்கு பந்து போயிரணும், மிச்சம் நம்ம நாலு பேரு அவங்க மூணு பேரு.

ஸ்விட்ச்: ஆள மாத்திக்கிடுவான். இப்ப பயலுக்கு முன்னால ஒரு மந்தமான நெட்டையன். பின்னால வந்து இடம் எடுத்துட்டு தாக்கணும், இல்ல உள்ள நம்ம நெட்டையன் மேல ஒரு குட்டையன் மாட்டியிருக்கான்ல, அங்க குடுக்கணும்.

ஒரு சலுகை: ஷாட் க்ளாக், அதாவது ஒரு டீம் ஷாட் போட இருக்க நேரம், 24 செகண்ட், பாதி கோர்ட் தாண்டவே 8 வரை போவும், கடைசி மூணு செகண்ட்ல ஸ்கிரீன் வந்தா என்ன எறிஞ்சாலும் தப்பு போடாதுங்க. க்ளாக் இல்லாத மேட்ச்னா கோச்சு போடுற சத்தத்த வச்சு குத்துமதிப்பா பாத்துக்கிடுங்க.

படி 6: பாஸும் கையும்

ரோலுக்கு குடுக்குற பாஸ் பெரும்பாலும் ரெண்டு டிஃபெண்டருக்கு நடுவுல தரையில தட்டி போற பாக்கெட் பாஸா இருக்கணும். ஒத்தக் கையால, டிரிபிள்ல இருந்து நேரா வருதா, இல்ல பந்த ரெண்டு கையால பிடிச்சு நிறுத்திட்டு தான் குடுக்கானா? நிறுத்தினா அந்த அரை செகண்ட் போச்சு. உள்ள போயி வழி அடைச்சிருந்தா டிரிபிள விடாம கூடைக்கு அடியில புகுந்து மறுபக்கம் வெளிய வரலாம், NBA பாயிண்ட் கார்டு ஸ்டீவ் நாஷ் அப்பிடி ஆடி ஆடி அதுக்கு அவரு பேரே விழுந்துட்டு.

கடைசில நோட்டுல முதல் கட்டத்த பாருங்க. எங்க பயலோட 20ல 17 வலது பக்கம். இடது கைய நம்பாம அந்தப் பக்கமே போவல, எதிராளி கோச் ரெண்டு மேட்ச் பாத்தா போதும், வலது பக்கத்த அடைச்சுருவான்.

படி 7: பயகிட்ட சொல்லுறது

20 வீடியோவும் காட்டாதுங்க, மூணு போதும், ரெண்டு நல்லது ஒண்ணு மோசம். மேட்ச் முடிஞ்ச உடனே கார்ல வச்சு ஆரம்பிக்காதுங்க, மத்த அப்பாமாரு முன்னால சுத்தமா வேண்டாம். பிரேம நிறுத்திட்டு "நீ என்ன பாத்தே"ன்னு கேட்டுட்டு வாய மூடிருங்க, இது எனக்கே இன்னும் முழுசா வரல. ஒண்ணே ஒண்ண மட்டும் அடுத்த ஒன்றரை மாசத்துக்கு எடுங்க, எங்க வீட்டுல இப்ப இடது பக்கம். அப்புறம் திரும்ப 20 சேத்து அதே அஞ்சு கட்டம் போட்டு பழைய பேப்பர் பக்கத்துல வச்சு பாருங்க. அக்காகிட்ட மட்டும் இன்னும் சொல்லல, அவ இப்பவும் பந்து விழுற ரெண்டு செகண்ட் தான் அனுப்புதா.