ஊர் வீட்டில் முதலில் தேட வேண்டியது

யாழ்ப்பாணம் போய் இறங்கியதும் எல்லோரும் போனுக்குச் சார்ஜ் போட இடம் தேடுவார்கள். நான், மின்சாரம் கசிந்தால் தானாகவே விழுந்து அதை நிறுத்தும் ட்ரிப் சுவிட்சைத் தேடுவேன். சித்தப்பா வீட்டுப் பழைய குளிர்சாதனப் பெட்டி கற்றுத்தந்த பழக்கம் இது. வெறுங்காலோடு கைப்பிடியைத் தொட்டேன். விரல் நுனியில் சுரீர் என்றது. செருப்புப் போட்டுக்கொண்டு திறந்தால் ஒன்றும் செய்யாது என்றார் சித்தி.

கனடாவில் மெயின் பெட்டியிலேயே நியூட்ரலையும் (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி) எர்த்தையும் (கசியும் மின்சாரத்துக்கான பாதுகாப்புக் கம்பி) இணைத்திருப்பார்கள். லண்டனில் பல வீடுகளுக்கு எர்த் விநியோகக் கேபிளோடே வந்துவிடும். கசிவு பெரிதானால், அளவுக்கு மீறி ஓடும் மின்சாரத்தை நிறுத்தும் பிரேக்கர் உடனே விழும். ஊரிலோ ஒவ்வொரு வீடும் தன் வளவு மண்ணில் இறக்கிய எர்த் கம்பியைத்தான் நம்பியிருக்கிறது. அதன் தடை 50 ஓம் என்றால் 230 வோல்ட்டில் 5 ஆம்பியர்கூட ஓடாது. 16 ஆம்பியர் பிரேக்கர் அசையவே அசையாது. கோடையில் மண் காய்ந்தால் நிலைமை இன்னும் மோசம். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழும் ட்ரிப் சுவிட்ச்தான் அங்கே உயிர் காப்பது.

அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். மின்சாரம் நிற்காவிட்டால் அன்றே எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். நின்றாலும் சுவிட்ச் நல்லது என்றுதான் அர்த்தம், எர்த் நல்லது என்றல்ல. அதை மீட்டர் வைத்துத்தான் அளக்க வேண்டும். சித்தப்பா வீட்டில் கிணற்றடியில் மண்ணைக் கிளறியபோது, பச்சைக் களிம்பு பிடித்த கிளிப்பிலிருந்து கம்பி கழன்று கிடந்தது. ட்ரிப் சுவிட்சோ, மழைக்கு அடிக்கடி விழுகிறது என்று யாரோ அதைத் தாண்டி நேரே இணைப்புக் கொடுத்திருந்தார்கள்!

ஊரில் பழைய பிளக் பொயின்ட்டுகளுக்கு மூன்று உருண்டை முள். புதியவற்றுக்கு லண்டன் போலச் சதுர முள். எர்த் துளைக்குள் பேனாவைக் குத்தி இரண்டு முள் பிளக்கைச் செருகும் வித்தையை எல்லா வீட்டிலும் காண்பீர்கள். செய்யாதீர்கள், சரியான அடாப்டர் வாங்குங்கள். அடாப்டர் முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை அல்ல. '100-240' என்று எழுதாத கனடாப் பொருளைச் செருகினால் புகைதான் வரும்.

கனடாவில் சொந்தமாக வயரிங் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே கறுப்புக் கம்பியில் மின்சாரம், வெள்ளை நியூட்ரல். ஊரின் பழைய வீடுகளில் சிவப்பில் மின்சாரம், கறுப்பு நியூட்ரல். புதியவற்றில் மண்ணிறமும் நீலமும். அதையும் நம்பி மெயினை நிறுத்தாமல் கை வைக்காதீர்கள்: கடையில் கிடைத்த நிறத்தில் கம்பி இழுத்த வீடுகளும் உண்டு.